சாங்வியில் வாடகையை ஏற்றியவள்

மக்கள் தொடர்பு என்பது, நம்மால் வாங்க முடியாத பொருள்களை ஊரார் வாங்கும்படி நாலு நல்ல வார்த்தை சொல்லும் தொழில். அதற்கு மாதாமாதம் சம்பளமும் உண்டு. அந்தப் பொருள்களை நாமே வாங்கிவிடாத அளவுக்கு அதைக் கவனமாக நிர்ணயித்திருப்பார்கள்.

முதல் தேதி மகாராணியாகவும் இருபதாம் தேதி துறவியாகவும் வாழ்ந்து வரும் சக சம்பளக்காரர்களே, இது உங்களுக்காகத்தான். நான் புனேயில் ஒரு சின்ன பிஆர் ஏஜென்சியில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஆபீஸ் ஹடப்சரில், வீடு சாங்வியில். நடுவில் இரண்டு பஸ், நெரிசல் நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்காதவர் இல்லை. காரணம் ஒன்றுதான். சாங்வி வீடு தரைத்தளம். திண்டுக்கல்லில் சத்துணவு அமைப்பாளராக இருந்து, பெரிய பெரிய பாத்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. படி ஏற முடியாது. அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடுதான். என் சம்பளத்துக்கு அடங்கிய தரைத்தளம் புனேயில் இது ஒன்றுதான் கிடைத்தது. அது கைவிட்டுப் போக இருந்த கதைதான் இது. போக வைத்ததும் நானேதான்.

பலர் என்னிடம் இந்தியிலும் மராத்தியிலும் சொன்னதைத் தமிழாக்கித் தருகிறேன். என் சக ஊழியன் கணேஷ் சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன், அதற்கு யாராலும் தமிழாக்கம் செய்ய முடியாது.

வயிறு சரியில்லை

நிருபர்களைக் காபி ஷாப்புக்கு அழைத்துப் போய்ப் பேசுவது எங்கள் வேலையில் பாதி. பில்லைக் கொடுத்தால் ஆபீசில் பணம் தருவார்கள், ஒன்றரை மாதம் கழித்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மராத்தி நாளிதழின் நிருபர் சந்தீப்பை அப்படி அழைத்துப் போனேன். மெனு கார்டில் ஒரு காபியின் விலையைப் பார்த்ததும், “உங்களுக்கு மட்டும் சொல்லுங்க, எனக்கு வயிறு சரியில்லை” என்றேன். அவரும் கார்டைப் பார்த்துவிட்டு, தனக்குக் காலையிலிருந்து அசிடிட்டி என்றார்.

இரண்டு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் ஒரு குக்கர் கம்பெனியின் புது மாடலைப் பற்றிப் பேசினோம். சர்வர் மூன்று முறை வந்து எங்கள் ஆரோக்கியத்தை விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை. “உண்மையைச் சொல்லட்டுமா? இன்னிக்கு இருபத்தேழாம் தேதி” என்றேன். சந்தீப் வாய்விட்டுச் சிரித்து, எதிரே இருந்த அம்ருத்துல்யா டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போய், சொந்தக் காசில் ஏலக்காய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“நான் இருபத்திரண்டாம் தேதியிலேருந்தே அசிடிட்டியில இருக்கேன் மேடம்.”

அம்மா தந்த விளக்கம்

மக்கள் தொடர்பு என்றதும் அம்மா முதலில் கலெக்டர் ஆபீஸ் வேலை என்று நினைத்துவிட்டார். ஜீப் எப்போது வரும் என்றுகூடக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, கம்பெனிகளைப் பற்றிய அறிக்கைகளை எழுதிப் பத்திரிகைகளில் செய்தியாக வரவைப்பதுதான் என் வேலை என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே ஒரு படி பயறு தோலுரித்து முடித்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

அந்த வாரமே ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். மீனாவுக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்று வழக்கமான விசாரணை. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் சாக்கில் அத்தை எல்லார் சம்பளத்தையும் தெரிந்து வைத்திருப்பவர். அம்மா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை:

“பேப்பர்ல வர்றதெல்லாம் எம் மக எழுதுறதுதான் மதினி, ஆனா அவ பேரு வராது, சம்பளமும் அப்படித்தான், மாசம் தவறாம வருது, ஆனா வந்ததை யாரும் பாத்ததில்ல.”

பதினொரு மாதம்

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். சம்பள உயர்வோ பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே ஒவ்வொரு வருடமும் வாடகை என்னைவிட ஒரு மாதம் முன்னால் ஓடும், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவேன்.

எங்கள் வீட்டுக்காரம்மா ஷிந்தே காக்கு, அதாவது ஷிந்தே சித்தி, மாடியில் தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். தினமும் சாயங்காலம் மாடிப்படியில் இறங்கி வந்து, எங்கள் கதவைத் தட்டி, “ஜேவ்லாத் கா?” என்பார். சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். அப்புறம் அம்மாவும் அவரும் அரைகுறை இந்தியில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிகூடப் புரியாது, சண்டை வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பதினோராவது மாத முடிவில் மட்டும் காக்கு ஒரு தட்டு நிறைய பூரண்போளியோடு வருவார். முதலில் போளி, பிறகு நெய், கடைசியில் ஐநூறு ரூபாய் உயர்வு. இப்படி மூன்று முறை ஏறி வாடகை பதின்மூவாயிரத்தில் நின்றது. என் சம்பளம் கையில் வருவது முப்பத்தாறாயிரம். அம்மாவின் முட்டி வைத்தியம், மளிகை, பஸ், தம்பியின் படிப்புக்கு வாங்கிய கடன் எல்லாம் போக மிஞ்சுவதைப் பற்றித்தான் அம்மா அத்தையிடம் சொன்னார்.

சென்ற முறை ஐநூறு ஏற்றியபோது நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “காக்கு, எனக்கு இந்த வருஷம் எவ்வளவு ஏறுச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். காக்கு சட்டென்று என் வாயில் ஒரு துண்டு போளியைத் திணித்துவிட்டார்:

“அதை மட்டும் சொல்லிடாதே மீனா, கேட்டா எனக்கு ஏத்த மனசு வராது.”

நாலு மணிக்குள் ஒரு ஆள்

எங்கள் ஏஜென்சியின் பெரிய வாடிக்கையாளர் ஒரு பில்டர். சாங்வியின் ஓரத்தில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் குடிவர ஆசைப்படும் பகுதி சாங்வி என்று ஒரு கட்டுரை வரவேண்டும் என்றார். நான் உயிரைக் கொடுத்து எழுதினேன். ஆற்றங்கரைக் காற்று, அருகிலேயே வசதியானவர்கள் வாழும் ஔந்து, நல்ல பள்ளிகள் என்று எழுத எழுத, என் வீட்டின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. சந்தீப் போட ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அங்கே குடியிருப்பவர் ஒருவரின் கருத்தும் படமும் நாலு மணிக்குள் வேண்டும். அப்போது மணி மூன்றரை.

எங்கள் தொழிலில் ஒருவர் பேசியதை எழுதுவதில்லை. நாங்கள் எழுதியதை அவர் பேசியதாக ஒப்புக்கொள்வார், அதுதான் வழக்கம். பெரிய பெரிய முதலாளிகள் எல்லாம் அப்படித்தான் ‘பெருமிதம் தெரிவித்திருக்கிறார்கள்’. அவசரத்துக்கு எனக்குக் கிடைத்த குடியிருப்பவர் அம்மா. போன் செய்து, இந்த இடம் உனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். அம்மா பத்து நிமிடம் பேசினார். வீடு தரையோடு இருப்பதால் முட்டிக்குச் சுகம், வெந்தயக்கீரைக்காரி வாசலுக்கே வருகிறாள், மாடியிலிருந்து காக்கு தினமும் இறங்கி வந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறார், திண்டுக்கல்லில்கூடத் தன்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். அடுக்குமாடி விற்க அதில் ஒன்றும் உதவாது. பிறகு நானே ஒரு வரி எழுதினேன்: ‘சாங்வியில் குடியிருக்க எவ்வளவு வாடகை கொடுத்தாலும் தகும்.’ பச்சைப் பட்டுப்புடவையில் அம்மா சிரிக்கும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்புமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்:

“ஏண்டி, நான் இம்புட்டு நல்லாவா பேசினேன்?”

விளம்பர மதிப்பு

அரைப் பக்கம் வந்தது. எங்கள் ஆபீசில் செய்தி வந்ததும் அளவுகோலை எடுத்து அதன் நீள அகலத்தை அளப்போம். இதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை வாடிக்கையாளருக்கு அறிக்கையாக அனுப்புவோம். அளக்கும் பொறுப்பு கணேஷுடையது. மூன்று தலைமுறையாகக் கோர்படி ரயில்வே காலனியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவனுடையது. தமிழ் எழுதப் படிக்க வராது, பேச வரும் என்று அவன் நம்புகிறான்.

கணக்கு நாலரை லட்சம் ரூபாய் என்று வந்தது. பில்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மூன்று மாதமாக எங்களுக்குத் தராத கட்டணத்தை அந்த மகிழ்ச்சியில் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டார். நானோ அம்மாவின் படத்தை வெட்டி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கணேஷ் அளவுகோலைத் தோளில் சாத்திக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்:

“அரே மீனா, உங்க மம்மி ஒரே ஃபோட்டோல நாலரை லாக் கமாய்ச்சுட்டாங்க, நீ பூரா வருஷம் பஸ்ல தொங்கியும் அவ்ளோ வரல!”

போளி இல்லாத வருகை

பத்து நாள் கழித்துப் பதினோராவது மாதம் முடிந்தது. அம்மா நெய்யைக்கூட உருக்கி வைத்திருந்தார். காக்கு வந்தார். கையில் தட்டு இல்லை. நாலாக மடித்த செய்தித்தாள் இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அடுத்த மாதத்திலிருந்து பதினாறாயிரத்து ஐநூறு என்றார்.

செய்தித்தாள்களில் வருவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அதெல்லாம் என்னைப் போன்றவர்கள் எழுதிக் கொடுப்பது என்று, ஆறு வருடமாக நான் கட்டிக்காத்த தொழில் ரகசியத்தையே சொல்லிப் பார்த்தேன். காக்கு மடிப்பைப் பிரித்து, பச்சைப் புடவையின் மேல் விரலை வைத்தார்:

“பேப்பர்காரன் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன், உங்க அம்மாவே படத்தோட சொல்லியிருக்காங்க, எவ்வளவு கொடுத்தாலும் தகும்னு.”

சீனியர்

மறுநாள் எங்கள் மேடத்திடம் போய்ச் சம்பளம் உயர்த்திக் கேட்டேன். மேடம் நல்லவர். சொந்தமாக ஏஜென்சி நடத்தினாலும் பதினைந்து வருடப் பழைய ஸ்கூட்டரில்தான் வருவார், மழைக்காலத்தில் அதைக் கணேஷ்தான் உதைத்துக் கிளப்ப வேண்டும். நான் வாடகைக் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு என் விசிட்டிங் கார்டை வாங்கி, என் பதவிக்கு முன்னால் ‘சீனியர்’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். எங்கள் தொழிலில் பணம் இல்லாதபோது பதவி உயரும், அதனால் புனேயில் பெரிய பதவிக்காரர்கள் நிறையப் பேர் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதைப் பார்க்கலாம். எனக்குக் கோபம் வந்தது. அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அதுவும் போய்விட்டது:

“உனக்கு எவ்வளவு தரணும்னு எனக்குத் தெரியும் மீனா, ஆனா அதைத் தந்தா அடுத்த மாசம் உனக்கு வேலை தர நான் இருக்க மாட்டேன்.”

லிஃப்ட் வரும்

ஆகவே வீடு தேடினோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஹடப்சரில் ஒரு கட்டடத்துக்குப் போனேன். வாடகை பதின்மூவாயிரம்தான், ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் மூன்றாவது மாடி. லிஃப்ட் எங்கே என்று கேட்டதற்கு, அது பிளானில் இருக்கிறது, கட்டாயம் வரும் என்றார் புரோக்கர். அதுவரை ஆள் நடமாட்டமே இல்லாத அமைதியை அனுபவித்துக்கொள்ளலாமாம். என்னைவிட நன்றாக அறிக்கை எழுதக்கூடியவர்.

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்து, புடவையோடு முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பில்டரைச் சந்தோஷப்படுத்த நான் எழுதிய ஒரு வரி என் அம்மாவைப் படியேற வைத்திருக்கிறது என்று வெட்கமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது:

“நீ மேல போய்ப் பாத்துட்டு வந்து எழுதிக் குடு மீனா, வீடு நல்லாருக்குன்னு நான் சொல்லிப்புடுறேன்.”

மறுப்பு

தான் சொல்லாததைச் சொன்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் மறுப்பு வெளியிடுவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் தொழிலில் கிடையாது. இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு மறுப்புகூட வந்ததில்லை. திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வீடு திரும்பினால் கதவு பூட்டியிருந்தது. மாடியில் பேச்சுக்குரல் கேட்டது. காக்குதான் எப்போதும் இறங்கி வருவார், அம்மா ஒரு நாளும் மேலே போனதில்லை. பதினாலு படி. அன்றைக்கு அம்மா ஏறியிருந்தார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தால் இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். காக்கு அம்மாவின் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பேப்பரில் இருப்பது மகள் எழுதியது, தான் சொன்னது வேறு என்று அம்மா தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்துச் சொல்லி முடித்திருந்தார். கீரைக்காரி, தரைத்தளம், தினசரிச் சாயங்காலம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. காக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதட்டலும் குறையவில்லை:

“நாலு வருஷமா தினம் நான் இறங்கி வந்தது பேப்பர்ல இல்லை, வாடகை மட்டும் இருந்துச்சு, அதான் நானும் வாடகை மட்டும் பேசினேன், இவங்க நிஜமா சொன்னதைப் பேப்பர்ல போடு, அப்புறம் பழைய மாதிரி பேசலாம்.”

இரண்டு அங்குலம்

சந்தீப்பை அம்ருத்துல்யா கடைக்கு வரச்சொன்னேன். இந்த முறை நான் டீ வாங்கிக் கொடுத்தேன், நாலாம் தேதிதான் ஆகியிருந்தது. பில்டர் கட்டுரையில் நான் செய்த காரியத்தை ஒளிக்காமல் சொல்லி, அதைத் திருத்தி ஒரு மேற்கோள் போட முடியுமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார், நியாயம்தான். இனிமேல் நான் தரும் எந்த மேற்கோளையும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் போடப்போவதில்லை என்றார். இரண்டாவது டீக்குப் பிறகு, இந்த மேற்கோளுக்கு வாடிக்கையாளர் யார் என்று கேட்டார். “எங்க அம்மா” என்றேன். அவரே அம்மாவுக்குப் போன் போட்டு, நடுவில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சைகை காட்டிவிட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பக்கத்தின் அடியில், அக்கம்பக்கத்தாரைப் பற்றிய இரண்டு அங்குலச் சின்னக் கட்டத்தில் அது வந்தது. அம்மாவும் காக்குவும் எங்கள் வாசலில் நிற்கும் படம். முன்பு போட்ட வரி தான் சொன்னதல்ல என்று ஒரு வாக்கியம். மாடியிலிருந்து ஒருவர் தினமும் இறங்கி வந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறார், அதனால்தான் இந்த வீடு பிடித்திருக்கிறது என்று இன்னொரு வாக்கியம். பில்டர் மேடத்தைக் கூப்பிட்டுக் கத்தினார். அப்படியானால் பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டுக் கத்துங்கள் என்று மேடம் திருப்பிக் கத்தினார், அன்றிலிருந்து எனக்கு அந்தப் பழைய ஸ்கூட்டர்மேல் தனி மரியாதை. சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. “ஜேவ்லாத் கா?” என்ற குரல் கேட்டதும் அம்மா நெய்யை உருக்க எழுந்துவிட்டார். தட்டில் பூரண்போளி, அதன் அடியில் புது ஒப்பந்தம். பதின்மூவாயிரத்து ஐநூறு. நான் ஐநூறைப் பார்த்துவிட்டுக் காக்குவைப் பார்த்தேன். அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்:

“பின்னே, பேப்பர்ல படம் வந்த வீட்டுக்காரி இல்லையா நான்!”

ஆறு வருடத்தில் நான் வரவைத்த எத்தனையோ அரைப்பக்கச் செய்திகளில் எதுவும் என் சம்பளத்தை ஒரு ரூபாய்கூட நீட்டியதில்லை. மாதம் மூவாயிரம் மிச்சப்படுத்தித் தந்தது, நான் ஒரு வார்த்தையும் எழுதாமல் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு அங்குலம்தான்.